புது வருஷத்துக்கு வீட்டையும் வீட்டுக் கணக்கையும் ஒழுங்கு பண்றது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்தா தெரிஞ்சவங்க நாலு பேராவது எங்கிட்ட இதே விஷயத்தைத்தான் கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் நிதி ஆலோசகர் எல்லாம் கிடையாது, பதினாறு வருஷமா ஒரு வீட்டோட வரவு செலவை நோட்டுல எழுதிட்டு வர்றவ, அவ்வளவுதான். முதலீடு எதுல பண்ணலாம்ங்கற கேள்வி இதுல இல்ல, அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள முடிக்க வேண்டிய வேலை மட்டும் இருக்கு.

எல்லாமே குழப்பமா இருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

போன வருஷத்துலேர்ந்து. நிறைய பேர் நேரா வர்ற வருஷத்துக்கு பிளான் போட உக்காந்துடறாங்க, மாசம் இவ்வளவு மளிகை, இவ்வளவு பெட்ரோல்னு மனசுல தோணற நம்பரை எழுதறாங்க, அந்த நம்பர் பூரா ஆசைதான், கணக்கு இல்ல. அதனால முதல்ல பேங்க் ஸ்டேட்மெண்ட்டை போன ஜனவரிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் 12 மாசத்துக்கும் எடுங்க, கார்டு இருந்தா அதோட ஸ்டேட்மெண்ட்டும். ஒரு நோட்டுல 12 பக்கம், பக்கத்துக்கு ஒரு மாசம். மாசாமாசம் வர்ற செலவை இப்போதைக்கு விட்டுடுங்க. அந்த வருஷத்துல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ மட்டும் வந்த செலவு இருக்கில்ல, அதை மட்டும் அந்தந்த மாசத்துப் பக்கத்துல எழுதுங்க. இன்சூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ், வண்டி சர்வீஸ், சொத்து வரி, ஊருக்குப் போன டிக்கெட், கல்யாணத்துக்கு வெச்ச மொய், பல் டாக்டர், கண்ணாடி மாத்தினது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர்.

ரெண்டு மணி நேரம் ஆகும். செஞ்சு முடிச்சதும் நோட்டைப் புரட்டிப் பாருங்க, எந்த மாசம் ஏன் இழுத்துக்கிட்டுப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்ல.

பட்ஜெட் போட்டா பத்து நாள்ல விட்டுடறேன். எனக்கு மட்டும் ஏன் ஒத்து வரல?

உங்களுக்கு மட்டும் இல்லங்க. பட்ஜெட் உடையறது பெரும்பாலும் நீங்க ஊதாரியா இருக்கறதால இல்ல, மேல சொன்ன அந்த வருஷச் செலவு பட்ஜெட்டுக்குள்ளயே வராததாலதான். ஒரு கணக்கு பாருங்க. மாசம் 100 வருதுன்னு வெச்சுக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவையெல்லாம் கூட்டினா 144 வருது. 12ஆல வகுத்தா மாசம் 12. அப்போ உங்க மாச வருமானம் உண்மையில 88தான், ஆனா நீங்க 100ன்னு நெனச்சு செலவு பண்ணிட்டிருக்கீங்க. ஆறு மாசம் நல்லா போகும், ஏழாவது மாசம் ஃபீஸும் பிரீமியமும் ஒண்ணா வந்து நிக்கும், கார்டைத் தேய்ப்பீங்க இல்ல யார்கிட்டயாவது கைமாத்து வாங்குவீங்க, பட்ஜெட் எல்லாம் நமக்கு சரிப்படாதுன்னு நோட்டை மூடிடுவீங்க.

இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள். அந்த 12ஐ சம்பளம் வந்த அன்னைக்கே தனி அக்கவுண்ட்டுக்கு மாத்திடுங்க, ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி பேங்க்லயே செட் பண்ணிடலாம். அந்த அக்கவுண்ட்டுக்கு கார்டு வேண்டாம், போன்ல பணம் அனுப்பற ஆப்போடயும் இணைக்க வேண்டாம். நான் அதுக்கு "வருஷ டப்பா"ன்னு பேர் வெச்சிருக்கேன், எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பிரீமியம் வந்துச்சுன்னா டப்பாலேர்ந்து எடு, வண்டி டயர் போச்சுன்னா டப்பாலேர்ந்து எடு. முதல் வருஷம் பற்றாது, ஏன்னா மார்ச்லயே ஒரு பெரிய செலவு வந்தா டப்பால ரெண்டு மாசப் பணம்தான் இருக்கும். அதுக்கு பயப்பட வேண்டாம், முதல் வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான், ரெண்டாவது வருஷம் தன்னால சமமாயிடும்.

இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணைத்தான் செய்ய முடியும்னா இதைச் செய்ங்க.

50-30-20ன்னு ஒரு கணக்கு சொல்றாங்களே, அது சரியா வருமா?

தேவைக்கு 50 சதவீதம், விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடன் அடைக்கறதுக்கும் 20. அமெரிக்காவுல 2005 வாக்குல பிரபலமான கணக்கு இது. கையில வர்ற பணத்துக்குத்தான் இந்தக் கணக்கு, வரி பிடிக்கறதுக்கு முன்னாடி இருக்கற சம்பளத்துக்கு இல்ல, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. வாடகை மட்டுமே சம்பளத்துல பாதியை முழுங்கற வீடு எத்தனையோ இருக்கு, அவங்க இதைப் பார்த்து மனசு உடைஞ்சு போக வேண்டாம். உங்க போன வருஷ விகிதம் என்னன்னு பாருங்க, 70-25-5ஆ இருந்தா இந்த வருஷம் 68-24-8 ஆக்க முடியுமான்னு பாருங்க, போதும்.

நோட்டா, ஆப்பா, எக்செல்லா?

எதை ஒரு வருஷம் விடாம தொடுவீங்களோ அது. நான் நோட்டு. ஜப்பான்ல ஹானி மோட்டோகோன்னு ஒரு பெண் பத்திரிகையாளர் 1904லயே வீட்டுக் கணக்கு நோட்டு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, ககேபோன்னு சொல்றாங்க, இன்னைக்கும் அங்க கடைகள்ல கிடைக்குது. அதுல கேக்கற கேள்விகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கையில எவ்வளவு இருக்கு, எவ்வளவு சேர்க்கணும்னு ஆசைப்படறோம், எவ்வளவு செலவாகுது, அதை எப்படி நல்லாக்கலாம். கையால எழுதறப்போ ஒவ்வொரு செலவுலயும் ஒரு நொடி மனசு நிக்குது, அதுக்காகவே நான் நோட்டை விடல. ஆனா ரெண்டு பேர் ரெண்டு இடத்துல இருந்து செலவு பண்ற வீட்ல ரெண்டு பேரும் திறக்கற மாதிரி ஒரு ஷீட்டை போன்ல வெச்சுக்கறதுதான் வசதி. பைசா பைசாவா எழுத வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் பதினஞ்சு நிமிஷம் போதும்.

எங்க வீட்ல பண விஷயம் பூரா அவருக்குத்தான் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாது. பிரச்சனையா?

பிரச்சனைதாங்க. இதுக்கு நான் கொஞ்சம் விரிவா பதில் சொல்லியே ஆகணும், இந்தப் பக்கத்தை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

ஆறு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி என் வீட்டுக்காரரை திடீர்னு ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்துச்சு. அவர் பேசற நிலைமையில இல்ல. அட்மிஷன்ல இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டாங்க. நான் அவரோட தம்பியை அங்க உக்கார வெச்சுட்டு வீட்டுக்கு ஓடி வந்து பீரோவைத் திறந்தேன். எங்க எல்லா பேப்பரும் பிளாஸ்டிக் கவர்ல இருக்கும், துணிக்கடை கவர், மருந்துக்கடை கவர், மொத்தம் ஒரு பதினொண்ணு பன்னெண்டு இருக்கும், எதுல என்ன இருக்குன்னு அவருக்கு மட்டும் தெரியும். தரையில உக்காந்து ஒவ்வொரு கவரா கொட்டினேன். பழைய கரண்ட் பில், பையனோட யுகேஜி மார்க் ஷீட், எப்பவோ வித்த வண்டியோட பேப்பர். பாலிசி ஒன்பதாவது கவர்ல கிடைச்சுது. மணி அப்போ மூணே கால். எடுத்துட்டு ஓடினேன். காலையில பார்த்தா பாலிசி காலாவதி. பிரீமியம் கட்டற தேதியும் போய், அதுக்கு மேல குடுக்கற கிரேஸ் நாளும் போய் இருபது நாள் ஆகியிருந்துச்சு. ஞாபகப்படுத்தற மெசேஜ் எல்லாம் அவர் விட்டுட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கு.

அவர் நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார், அதுக்கு நான் தினமும் நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன். ஆனா சேமிப்பு பூரா போச்சு. நான் யாரையும் குத்தம் சொல்லல. அவர் பொறுப்பில்லாதவர் கிடையாது, பதினஞ்சு வருஷமா தனியா ஒரு குடும்பத்தோட எல்லா தேதியையும் ஒரே தலைக்குள்ள தூக்கிட்டு நடந்திருக்கார், ஒரு தேதி நழுவிடுச்சு. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, வீடு ஒழுங்கா இருக்கறதுன்னா ஷெல்ஃப்ல டப்பா வரிசையா இருக்கறது இல்ல, ஒருத்தர் தலைக்குள்ள இருக்கறது இன்னொருத்தருக்கும் எட்டற இடத்துல இருக்கறது.

அதனால இந்த வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ஃபைல் போடுங்க. தனியா இருக்கறவங்களும் போடணும், நம்பிக்கையான அண்ணனோ தங்கச்சியோ ஃபிரெண்டோ யாராவது ஒருத்தருக்கு அது எங்க இருக்குன்னு சொல்லி வைக்கணும்.

அந்த ஃபைல்ல என்னென்ன இருக்கணும்?

முதல் பக்கத்துல ஒரே ஒரு தாள், அதுதான் உயிர். எந்தெந்த பேங்க்ல அக்கவுண்ட், என்னென்ன இன்சூரன்ஸ், யார்கிட்ட கடன் வாங்கியிருக்கோம், யாருக்குக் கைமாத்து குடுத்திருக்கோம் (இதை மறைக்காம எழுதுங்க), ஒவ்வொண்ணுக்கும் நாமினி யாரு, எந்த போன் நம்பர் பதிவாகியிருக்கு. அந்தக் கடைசி விஷயத்தை தயவுசெஞ்சு லேசா விட்டுடாதீங்க. நம்பர் மாத்தின வீட்ல முதல்ல செய்ய வேண்டிய வேலை எல்லா இடத்துலயும் புது நம்பரைப் பதியறது, ஓடிபி வராம எந்தக் கதவும் திறக்காது. நாமினி பேரையும் ஒரு தடவை சரி பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி திறந்த அக்கவுண்ட்ல இன்னும் அப்பா பேரே இருக்கும், அவர் இறந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

அதுக்குப் பின்னாடி ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரிவு: பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட், ரத்த வகை, என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எதுக்கு அலர்ஜி. அப்புறம் வீட்டுப் பத்திரம் இல்ல வாடகை ஒப்பந்தம், வண்டி பேப்பர், பெரிய சாமான்களோட வாரண்டி. பாஸ்போர்ட் எப்போ முடியுதுன்னு பாருங்க, பல நாடுகள் இன்னும் ஆறு மாசமாவது பாக்கி இருந்தாத்தான் உள்ளேயே விடுவாங்க, அதனால பாஸ்போர்ட்ல போட்டிருக்கற முடிவு தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே காலண்டர்ல குறிச்சிடுங்க.

பாஸ்வேர்டை இந்த ஃபைல்ல எழுத வேண்டாம், அதுக்குன்னு எல்லா பாஸ்வேர்டையும் ஒரே இடத்துல பூட்டி வெக்கற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப் இருக்கு, அதைத் திறக்கற மெயின் பாஸ்வேர்டை மட்டும் எழுதி கவருக்குள்ள போட்டு ஒட்டி வேற இடத்துல வைங்க. எல்லா பேப்பரையும் ஸ்கேன் பண்ணிடுங்க. கம்ப்யூட்டர்காரங்க 3-2-1ன்னு ஒரு விதி சொல்லுவாங்க, மூணு பிரதி, ரெண்டு வேற வேற வகை சாதனத்துல, ஒண்ணு வீட்டுக்கு வெளியில. போட்டோவுக்கும் இதே விதிதான், குழந்தை போட்டோ பூரா ஒரே போன்ல இருக்கற வீடு ரொம்ப ஜாஸ்தி.

பில், ரசீது எல்லாம் எவ்வளவு நாள் வெச்சிருக்கணும்?

வரி சம்பந்தப்பட்டது உங்க நாட்டுச் சட்டம் எத்தனை வருஷம் சொல்லுதோ அத்தனை வருஷம். வாரண்டி பில் வாரண்டி முடியற வரைக்கும். கடன் அடைச்ச சான்றிதழ், சொத்து சம்பந்தப்பட்டது, மருத்துவ ரிப்போர்ட் எப்பவுமே. மத்த மாசாந்திர பில் எல்லாம் அடுத்த பில்லுல போன பணம் வரவு ஆகியிருக்கான்னு பார்த்துட்டு கிழிச்சுடலாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. கடையில மெஷின்ல வர்ற வழுவழுப்பான ரசீது இருக்கில்ல, அதுல மை கிடையாது, சூடு பட்டா கறுக்கற கெமிக்கல் பூசின பேப்பர் அது. வெளிச்சம், வெயில், பிளாஸ்டிக் கவர் எல்லாமே அதை வெளுக்க வெச்சுடும், அதுவும் வளையற பிவிசி கவர்ல வெச்சா இன்னும் சீக்கிரம். ரெண்டு வருஷ வாரண்டிக்காக பத்திரமா வெச்ச பில்லை எடுத்துப் பார்த்தா வெள்ளைத் தாளா இருக்கும். வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க.

கடன் இருக்கு. முதல்ல கடனை அடைக்கறதா, சேமிக்கறதா?

ரெண்டும், ஆனா ஒரு வரிசையில. முதல்ல ஒரு மாசச் செலவுக்காவது கையில பணம் சேருங்க, இல்லேன்னா அடுத்த ரிப்பேருக்கு மறுபடி கடன் வாங்குவீங்க. அதுக்கப்புறம் வட்டி அதிகமான கடன் மேல பாயுங்க. மத்ததுக்கெல்லாம் கட்ட வேண்டிய தவணையை மட்டும் கட்டிட்டு, மிச்சம் பிடிக்கறது பூரா அந்த ஒரு கடன்ல போடுங்க. கணக்குப்படி இதுதான் லாபம். சில பேருக்கு ஒரு சின்ன கடனை முழுசா முடிச்சாத்தான் தெம்பு வரும், அவங்க சின்னதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும், வட்டி கொஞ்சம் கூடப் போகும், ஆனா பாதியில விடாம முடிப்பாங்கன்னா அது தப்பில்ல. சொந்தக்காரங்ககிட்ட வட்டியில்லாம வாங்கினதுக்கு வேற ஒரு விலை இருக்கு, அது எக்செல்ல வராது, உங்களுக்கே தெரியும்.

வட்டியோட வேகத்தைப் புரிஞ்சுக்க 72ஐ வட்டி சதவீதத்தால வகுத்துப் பாருங்க, எத்தனை வருஷத்துல தொகை ரெட்டிப்பாகும்னு ஏறக்குறைய வரும். 6 சதவீதம்னா 12 வருஷம், 24 சதவீதம்னா மூணே வருஷம். இத்தாலியில லூக்கா பச்சோலி 1494லயே இதை எழுதி வெச்சிருக்கார். விலைவாசிக்கும் இது பொருந்தும், வருஷம் 6 சதவீதம் ஏறினா இன்னைக்கு இருக்கற செலவு 12 வருஷத்துல ரெண்டு மடங்கு.

கார்டு பில்லுக்கு மினிமம் மட்டும் கட்டிட்டு வர்றேன், தப்பா?

தப்புன்னு உங்களைத் திட்டறதுக்கு நான் யாரு, நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு அப்புறம் எட்டு மாசம் அப்படித்தான் கட்டினேன். ஆனா கணக்கைக் கண்ணால பார்த்துடுங்க. பாக்கி 100, வட்டி மாசம் 3 சதவீதம், மினிமம் அந்தந்த மாசம் வட்டியோட சேர்ந்து நிக்கற பாக்கியில 5 சதவீதம், புதுசா ஒண்ணும் வாங்கலன்னே வெச்சுக்கோங்க. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டினா நீங்க கட்டியிருக்கறது சுமார் 55, கடன் குறைஞ்சிருக்கறது 23தான், இன்னும் 77 அப்படியே நிக்கும். பாதியாகறதுக்கே 32 மாசம் ஆகும். மாசம் 3 சதவீதம்னா கேக்க சின்னதா இருக்கு, வட்டிக்கு வட்டி சேர்த்தா வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல வருது.

இன்னொண்ணு, பாக்கி வெச்சா பெரும்பாலான கார்டுல புதுசா வாங்கற சாமானுக்கும் அந்த வட்டியில்லாத நாள் சலுகை போயிடும், வாங்கின அன்னைலேர்ந்தே வட்டி ஓடும். அதனால பாக்கி தீர்ற வரைக்கும் அந்த கார்டை வீட்ல வெச்சுட்டுப் போங்க. குறைஞ்ச வட்டியில வேற கடன் கிடைச்சா அதை வாங்கி இதை மூடிடலாம், ஆனா மூடின கார்டுல மறுபடி தேய்க்க ஆரம்பிச்சா ரெண்டு கடன் ஆயிடும்.

அவசரத்துக்குன்னு எவ்வளவு வெச்சிருக்கணும்? எனக்கு மாசம் ஒரே மாதிரி வருமானம் வராது.

மூணுலேர்ந்து ஆறு மாசச் செலவுன்னு பொதுவா சொல்லுவாங்க. சம்பளத்தோட ஆறு மடங்குன்னு நெனச்சு பயந்துடாதீங்க, அது செலவுக் கணக்கு, அதுவும் வேலை போனா எதையெல்லாம் நிறுத்த முடியாதோ அந்தச் செலவு மட்டும். வாடகை, சாப்பாடு, தவணை, ஃபீஸ், மருந்து, கரண்ட், அவ்வளவுதான். ஒரே ஒருத்தர் சம்பாதிக்கற வீடுன்னா ஆறு பக்கம் போங்க.

வருமானம் ஏறி இறங்கறவங்க ஒரு வேலை பண்ணலாம். போன வருஷத்துல ரொம்ப கம்மியா வந்த மூணு மாசத்தை எடுத்து சராசரி பாருங்க, அதுதான் உங்க "சம்பளம்". வர்ற பணம் எல்லாம் ஒரு அக்கவுண்ட்ல விழட்டும், அங்கேர்ந்து மாசா மாசம் அந்தச் சம்பளத்தை நீங்களே வீட்டு அக்கவுண்ட்டுக்குப் போட்டுக்கோங்க. நல்லா வந்த மாசத்து மிச்சம் அங்கேயே கிடக்கும், மோசமான மாசத்துல அது கை குடுக்கும். வரி கட்ட வேண்டியவங்க அந்தப் பங்கை மொதல்லயே ஒதுக்கிடணும், அதைத் தொட்டுட்டு கடைசில அல்லாடறவங்கதான் அதிகம்.

பணம் எங்க போகுதுன்னே தெரியல, பெருசா ஒண்ணும் வாங்கறதில்லையே?

ஸ்டேட்மெண்ட்ல ஒரே தொகை ஒவ்வொரு மாசமும் ஒரே தேதியில வருதான்னு பாருங்க. படம் பார்க்கற சந்தா, போன்ல ஸ்டோரேஜ், ஒரு மாசம் இலவசம்னு சேர்ந்து மறந்துபோன ஆப், போகாத ஜிம். ஒவ்வொண்ணையும் 12ஆல பெருக்கி, அந்த வருஷத் தொகையைப் பார்த்துட்டு இதை இன்னைக்கு மொத்தமா கேட்டா கட்டுவேனான்னு மனசைக் கேளுங்க. கட்டமாட்டேன்னா அப்பவே நிறுத்துங்க. ஆப்பை போன்லேர்ந்து டெலிட் பண்ணினா சந்தா நிக்காது, சந்தா பக்கத்துக்குப் போய் கேன்சல் பண்ணணும், இது தெரியாம மாசக்கணக்கா கட்டறவங்க உண்டு.

வீட்ல சாமான் குமிஞ்சு கிடக்கு, எங்க கை வைக்கறதுன்னு தெரியல.

முழு வீட்டையும் ஒரே நாள்ல இழுத்துப் போடாதீங்க, சாயங்காலம் கட்டில் மேல மலை மாதிரி குமிஞ்சிருக்கும், படுக்க இடம் இருக்காது, மறுபடி அப்படியே உள்ள தள்ளுவீங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு டிராயர். முதல் டிராயர் மருந்து வைக்கறதா இருக்கட்டும், ஏன்னா அதுல முடிவெடுக்கறது சுலபம், தேதி போட்டிருக்கும், தாண்டினதை எடுத்துடலாம். சாக்கடையில கொட்டாம மருந்துக்கடையில திருப்பி வாங்கறாங்களான்னு கேட்டுப் பாருங்க.

அடுத்து சமையலறை, அப்புறம் துணி. ஞாபகார்த்தப் பொருளைக் கடைசிக்கு வைங்க. என் அம்மாவோட கண்ணாடி ஒண்ணு எங்கிட்ட இருக்கு, ஒரு பக்கக் காது உடைஞ்சது, அதை நான் எந்த வருஷமும் தூக்கிப் போடப் போறதில்ல. எல்லாத்துக்கும் காரணம் சொல்லணும்னு இல்ல.

அப்படியே வீட்டுப் பாதுகாப்பையும் ஒரு சுத்து பார்த்துடுங்க. கேஸ் ட்யூப்ல வெடிப்பு இருக்கா, வயர் எங்கயாவது உரிஞ்சிருக்கா, புகை அலாரம் இருந்தா பட்டனை அமுக்கி சத்தம் வருதான்னு பாருங்க, பத்து வருஷம் ஆனா அலாரத்தையே மாத்தணும். ஃப்ரிட்ஜ் கதவு இடுக்குல ஒரு தாளை வெச்சு மூடி இழுங்க, லேசா வந்துச்சுன்னா ரப்பர் தளர்ந்துபோச்சு, கரண்ட் பில் அந்த வழியாவும் போயிட்டிருக்கும்.

வீட்டு வேலையை பிரிச்சுக்கலாம்னு பேசினாலே சண்டை வருது.

"உதவி பண்றேன்"ங்கற வார்த்தையிலதான் சண்டை ஆரம்பிக்குது. உதவி பண்றவங்களுக்கு ஒருத்தர் வேலை சொல்லிக்கிட்டே இருக்கணும், அந்த சொல்றதே ஒரு பெரிய வேலை. ஒரு வேலையைக் குடுத்தா முழுசா குடுங்க. குழந்தையோட டாக்டர் விஷயம் அவரோடதுன்னா, தேதி ஞாபகம் வெச்சுக்கறது, அப்பாயிண்ட்மெண்ட் போடறது, கூட்டிட்டுப் போறது, மாத்திரை வாங்கறது எல்லாம் அவரோடது. நீங்க செய்யற மாதிரியே அவர் செய்யமாட்டார், அதை விட்டுக் குடுக்கணும், அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கேஸ் புக் பண்றதுலேர்ந்து மாமியாருக்கு மருந்து வாங்கறது வரைக்கும் ஒரு வாரம் பூரா யார் எதை ஞாபகம் வெச்சுக்கறாங்கன்னு ரெண்டு பேரும் எழுதிப் பாருங்க. அந்த லிஸ்ட்டைப் பக்கத்துல வெச்சு பேசினா குரல் தன்னால இறங்கும்.

பணத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பழைய கதை எல்லாம் வெளிய வருதே?

பில் வந்த அன்னைக்குப் பேசாதீங்க, பசியோட பேசாதீங்க, ராத்திரி படுக்கப் போறப்போ பேசாதீங்க. மாசத்துல ஒரு நாள், ஒரு நேரம், அரை மணி, போனை உள்ள வெச்சுட்டு. நாங்க முதல் ஞாயிறு காலையில பேசறோம். ரெண்டு பேருக்கும் கணக்கு கேக்கக் கூடாத ஒரு சின்னத் தொகை தனித்தனியா ஒதுக்குங்க, அதுல அவர் என்ன வாங்கினார், நீங்க என்ன வாங்கினீங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே கூடாது. எங்க வீட்ல பாதி சண்டை அந்த வருஷத்தோட நின்னுச்சு.

பசங்களுக்கு வீட்டு நிலைமையைச் சொல்லலாமா?

சொல்லலாம், பயமுறுத்தாம. "காசு இல்ல"ன்னு சொல்றதுக்கும் "இந்த மாசம் அதுக்கு ஒதுக்கல, அடுத்த மாசம் வருது"ன்னு சொல்றதுக்கும் குழந்தை மனசுல நிறைய வித்தியாசம். பத்து வயசுக்கு மேல இருந்தா வருஷ டப்பா கணக்கை எழுதற வேலையை அவங்ககிட்டயே குடுங்க, எங்க பையன்தான் எங்க வீட்ல எழுதறான்.

எத்தனை நாள் செஞ்சா இதெல்லாம் பழக்கமாகும்? 21 நாள்னு சொல்றாங்க.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, பிலிப்பா லாலியும் அவங்க குழுவும், 2010ல அச்சுல வந்துச்சு. சராசரியா 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏத்த மாதிரி 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பெருசா ஒண்ணும் கெடலன்னும் அதுலயே வந்துச்சு. அதனால 22ஆவது நாள் இன்னும் கஷ்டமா இருந்தா உங்கமேல குறையில்ல. நோட்டை ஏற்கனவே இருக்கற ஒரு பழக்கத்தோட ஒட்டிடுங்க, ஞாயித்துக்கிழமை காபி குடிக்கற இடத்துலயே நோட்டும் பேனாவும் இருந்தா போதும்.

ஜனவரி பாதி போயிடுச்சு, இனிமே அடுத்த வருஷம்தானா?

ஏன் அப்படி? 2014ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூணு பேர் பண்ணினது, புது வருஷம் மட்டும் இல்லாம வாரத் தொடக்கம், மாசத் தொடக்கத்துலயும் ஜனங்க புதுசா ஆரம்பிக்கறது கூடுதுன்னு காட்டுச்சு. வர்ற திங்கக்கிழமையே போதும். அன்னைக்கு எல்லாத்தையும் செய்ய வேண்டாம், ஒரு தாள் எடுத்து உங்க இன்சூரன்ஸ் ஒவ்வொண்ணுக்கும் பிரீமியம் கட்டற தேதியையும், அதுல பதிவாகியிருக்கற போன் நம்பரையும் எழுதி, பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. எங்க வீட்ல இப்பவும் அங்கதான் ஒட்டியிருக்கு, மேல அவர் கையெழுத்து, கீழ என் கையெழுத்து.